கீழ்வீட்டுத் துதிச் சத்தம்

சபையில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். மைக் தேவைப்படாத குரல் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினுக்குள் படுக்கை விரிப்புகளை நுழைப்பது அவள் வேலை. ஈரத் துணி ஒரு பக்கம் போய், சுடச்சுட விறைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். அந்த இரைச்சலில் மற்றவர்கள் கத்திப் பேசுவார்கள். அவள் பாடுவாள்.

"அக்கா, மெஷின் ஓடினாலும் உங்க பாட்டுதான் கேட்குது. உங்க பாட்டை நிறுத்தினாத்தான் மெஷின் ஓடுதா, ரிப்பேரான்னு எனக்குத் தெரியும்" என்றார் மேற்பார்வையாளர். அவளும் சிரித்தாள். பாட்டை நிறுத்தவில்லை.

துதி இருக்கும் வீட்டில் சாத்தான் காலெடுத்து வைக்கமாட்டான் என்பது அவளுடைய அசைக்க முடியாத எண்ணம். சபையில் யார் நோயில் விழுந்தாலும் தலைமாட்டில் போய் நின்று பாடுவாள். எழுந்து நடந்தவர்களைப் பற்றி, இவள் துதித்த துதி வீண்போகவில்லை என்று சபையார் பேசிக்கொண்டார்கள். எழாமலே போனவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் கணவர் எலெக்ட்ரீஷியன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத மனிதர். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசையப் பாடுவார். அவருக்கு வயிற்றில் கட்டி வந்து டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கீழ்வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டாள். வேலைக்குப் போகுமுன் பாட்டு, வந்ததும் பாட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே மடக்கினாள்.

"இந்த வீட்டுல அழுகை கூடாது. உள்ள வந்தா துதிக்கணும்."

மாடியில் கணவரின் தம்பி குடும்பம். தம்பி மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். பகலெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். ஒரு மாலை, பாட்டின் நடுவே அவள் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, மாமாவுக்கு இப்போ பாட்டு வேணாம். அவரு கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்."

"துதிக்கிற வாயை அடைக்கச் சொல்றியா? என் வீட்டுக்குள்ளேயே வந்து?"

ஓரகத்தி மாடி ஏறிவிட்டாள். அடுத்த வாரமே அவர் கண்ணை மூடினார். அடக்கத்தில் மைக் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பாடி முடித்தாள். என்ன விசுவாசம் என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் சுவரில் ஏதோ பார்க்க இருக்கும். போதகர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"மேல் வீட்டோட பேசுறீங்களாம்மா?"

"ஆண்டவரோட பேசுறேன் ஐயா. அது போதும்."

இப்படியே வருஷம் ஓடிற்று. பிறகு கொழுந்தனாருக்கு நெஞ்சுவலி. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். வேலை முடிந்த கையோடு அவள் வார்டுக்குப் போனாள். ஓரகத்தி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலருகே நின்று இவள் தொண்டையைச் செருமியதும் கொழுந்தனார் கையை உயர்த்தினார்.

"அண்ணி, பாடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்குப் பாட்டு வேணாம்னு இவ சொன்னது இவளா சொன்னதில்ல. அண்ணன் சொல்லச் சொன்னாரு."

"அவரா? என்ன சொன்னாரு?"

"'எனக்குப் பயமா இருக்கு. அவ பாடிட்டு நிக்கிறப்போ அதைச் சொல்ல முடியல. சொன்னா அவ நொறுங்கிடுவா'ன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நான் சத்தியம் எதுவும் பண்ணல."

அவள் பாடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கும் பயம் இருந்திருக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தனக்கிருந்த பயம் மட்டும் தெரியும். அதை அமுக்கத்தானே அவ்வளவு சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர்கள் பக்கம் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னாலிருந்து சைகை காட்டினார்கள், தலையாட்டி மறுத்தாள். எல்லாரும் கைதட்டி வேகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அழுகை பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. புருஷன் செத்தபோது அழாதவள் கைதட்டல் பாட்டுக்கு அழுவதைப் பார்த்துச் சிலர் பரிசுத்த ஆவி என்றார்கள், சிலர் ரத்த அழுத்தம் என்றார்கள். ஓரகத்தி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"எங்கிட்ட ஏன் சொல்லாம இருந்த?"

"மாமா சொல்லாதேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பாட்டு ஓய்ந்து ஜெபம் தொடங்கியது. அப்போதும் அவள் அழுகை நிற்கவில்லை. போதகர் அவள் பக்கம் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்து, மெதுவாகவே ஜெபித்து முடித்தார்.

சில வாரம் கழித்து அவள் மறுபடி பாடப்போனாள். குரல் அதே குரல்தான். நோயாளி வீட்டுக்குப் போனால் மட்டும் முதலில் கேட்கிறாள், பாடட்டுமா, சும்மா உட்காரட்டுமா என்று. பலர் உட்காரச் சொல்கிறார்கள். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததைச் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஆண்டவருக்கு முன்னால் நிற்பதுதான் என்று அவளுக்குப் படுகிறது. அதை அவள் யாரிடமும் விளக்கவில்லை. மைக் அக்காவுக்கு முந்தின அனல் இல்லை என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. கொழுந்தனார் தேறி வேலைக்குப் போகிறார். கீழ்வீடும் மேல்வீடும் பேசிக்கொள்கின்றன. மாடிப்படியை யார் கழுவுவது என்பதில் மட்டும் இன்னும் தகராறு.