ட்ரயலுக்கு வந்த காது

பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம். சேலத்தில் காது பரிசோதனை செய்யும் அந்தச் சின்ன அறையில், மேசைமேல் வைத்த டப்பாவுக்குள், நிச்சயதார்த்த மோதிரம்போல் அது உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காது பார்க்கும் அம்மணி அதை இரண்டு விரலால் எடுத்து, என் தலையைச் சற்றே சாய்த்து, டக்கென்று மாட்டினார். அடுத்த கணம் யாரோ மழையில் தகரக் கொட்டகைமேல் நடப்பதுபோல் ஒரு பெருஞ்சத்தம். பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தேன். அம்மணி சாவகாசமாகக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். காதுக்குள் செருகும் கருவி எதையும் அவை ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே காதைக் கைகழுவிவிட்டு எலும்பை நம்பச் சொன்னார்கள். வலது காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு டைட்டானியம் திருகாணியை இறக்கி, அதன்மேல் சட்டைக்குப் பித்தான் போடுவதைப்போல் கருவியை மாட்டிக்கொள்வது. சத்தம் எலும்பில் அதிர்ந்து நேராக உட்காதுக்குப் போய்விடும். தலையில் மரை உள்ள மனிதனைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிச் சிரிக்கலாமோ அதையெல்லாம் நாமக்கல் வட்டாரத்தில் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள்; நான் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தப் பழைய கருவி சில ஆண்டுகள் விசுவாசமாக உழைத்தது. பிறகு உட்காதும் தளர ஆரம்பித்தது. கருவி சொல்லும், எனக்கு எட்டாது. அதனால்தான் இந்தப் புதியது. அதைவிடப் பலமடங்கு வலுவானதாம். “மூணு வாரம் வெச்சிருங்க சார். வீடு, வேலை, பஸ்ஸு, கல்யாணம், எல்லா எடத்துலயும் போட்டுப் பாருங்க. புடிச்சா வாங்கிக்கலாம், இல்லன்னா திருப்பிக் குடுத்துருங்க” என்றார் அம்மணி. விலையையும் சொன்னார். அது மட்டும் எனக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். என் நூலகத்தைப்போல் அமைதியான இடம் மாவட்டத்திலேயே கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்து வந்திருக்கிறேன். புதிய கருவியோடு திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தபோதுதான் நான் இத்தனை காலமும் ஒரு சந்தையை நிர்வகித்து வந்திருப்பது தெரிந்தது. மெக்கானிக்கல் அலமாரிக்குப் பின்னால் முறுக்குத் தின்கிறார்கள். எலெக்ட்ரிகல் பக்கம் கிரிக்கெட் ஓடுகிறது. குறிப்புதவி நூல்களின் நிழலில் ஒரு காதல், சண்டையும் சமாதானமுமாக, முழுக் குரலில் நடக்கிறது. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர்கீழே உட்கார்ந்து, என் உதவியாளர் தன் மைத்துனரைப் போனில் வறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்து, வணக்கம் வைத்து, வறுவலைத் தொடர்ந்தார்.

வீட்டில் இன்னும் விசேஷம். குளிர்ப்பெட்டிக்கு மூச்சு உண்டு என்பதை அறிந்தேன். அப்பளத்தைக் கடித்தால் என் மண்டைக்குள்ளேயே ஜல்லி உடைக்கும் எந்திரம் ஓடியது. துண்டால் தலையைத் துவட்டினால் கருவி கீச்சென்று கத்தியது. என் மனைவி இயல்பிலேயே மென்குரல்காரி என்பார்கள். எனக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அந்தக் குரல் இரண்டு தோட்டம் தாண்டிக் கேட்கும்படி வளர்ந்துவிட்டது. அவள் “ஏனுங்க, காப்பி!” என்றதும் பாதிக் காப்பி என் வேட்டியில் இருந்தது.

“இனிமே மெதுவாப் பேசுனாலே கேக்கும்” என்றேன்.

“மெதுவா எப்படிங்க பேசறது? மறந்தே போச்சு!” என்றாள், அதே குரலில்.

இதெல்லாம் வெறும் ஒத்திகை. நான் உள்ளூரக் காத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்குக் காரணம் என் மாமனார்.

மாமனார் அந்தக் காலத்தில் ரிக் வண்டி வைத்திருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பாதிப்பேரைப்போல அவரும் வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டார். கம்ப்ரசர் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் ரிக்கில் எல்லாமே கைஜாடைதான்: பைப்பை இறக்கு, ஏற்று, நிறுத்து, தண்ணீர் வந்துவிட்டது. வண்டியை விற்றுத் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அவர் அந்தப் பாஷையை விடவில்லை. இரண்டு விரலைக் காட்டினால் டீ. கையை மேலே சுழற்றினால் வண்டியை எடு. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த வீட்டில் எல்லோரும் ஜாடையில் தேர்ந்தவர்கள். பெண் பார்க்கப் போன அன்றே, காது மந்தமானவன் பெண் எடுக்க இதைவிடப் பொருத்தமான வீடு கொங்கு நாட்டில் இல்லையென்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மாமியார் காலமான பிறகு அந்த ஜாடையும் குறைந்துபோயிற்று. மகனிடமும் மகளிடமும் தலையசைப்போடு சரி. ஆனால் ஞாயிறு மதியம், பள்ளிபாளையம் வறுவலோடு சாப்பாடு முடிந்ததும், மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மனிதர் பேசுவார். முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில், மணிக்கணக்காகப் பேசுவார். பழைய கருவியில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. தூரத்தில் டிராக்டர் ஓடுவதுபோல் ஒரு முனகல் மட்டும் வரும். அது நின்று அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் “ஆமாங்க மாமா” என்பேன். மறுபடி திரும்பினால் “சரிங்க மாமா.” எங்கள் பக்கத்து மருமகனுக்கு இந்த இரண்டு சொல்லும் போதும், இவற்றை வைத்துக்கொண்டே ஆயுளைக் கடத்திய பெரியவர்களை எனக்குத் தெரியும்.

வடக்கத்திய ரிக் கதைகளாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இதனால் அந்த வீட்டில் என் மதிப்புத்தான் தாறுமாறாக ஏறிவிட்டது. மச்சினன், முட்டை வேன் ஓட்டுகிறவன், என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “அப்பா என்ன மச்சான் சொல்றாரு? எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்கறாரே” என்பான். “பெரியவங்க மனசு. பொறுத்துப் போ” என்பேன். அவன் யோசனையோடு போவான்.

அந்த ஞாயிறு புதிய கருவியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் தென்னை மட்டை உரசும் சத்தம், பிறகு எருமையின் அசைபோடல். அப்புறம், முதன்முதலாக, என் மாமனாரின் குரல். கொஞ்சம் கரகரப்பு. நான் நினைத்ததைவிட மிருதுவானது.

“நேத்தும் அதே மாதிரித்தானுங்க மாப்ள. வரப்பு ஏறயில நெஞ்சு மேல கல்லத் தூக்கி வெச்சாப்ல இருந்துச்சு. கையி மரத்துப் போச்சு. வேர்த்துக் கொட்டுது. சித்த நேரம் உக்காந்தேன், தன்னால சரியாயிருச்சு. பையங்கிட்டச் சொன்னா ஆஸ்பத்திரியில கொண்டு போயிப் படுக்க வெச்சு வயரு மாட்டிப்போடுவான். அதெல்லாம் வேண்டாமுன்னு போன வாரமே பேசிட்டமில்லீங். நீங்களும் சரின்னுதான சொன்னீங்க.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். பழகிய என் தலை தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தினேன். எத்தனை ஞாயிறுகள் இந்த நெஞ்சு வலிக்கு நான் சரியென்று தலையாட்டியிருப்பேன்?

“எந்தக் கைங்க மாமா?” என்றேன்.

“எடது கையி” என்றார் அனிச்சையாக. பிறகுதான் உறைத்தது. கண்ணைச் சுருக்கி என் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“புதுசுங்களா?”

“ஆமாங்க மாமா. ட்ரயலுக்குக் குடுத்திருக்காங்க.”

“எத்தன நாளைக்கு?”

“மூணு வாரமுங்க.”

“அப்ப மூணு வாரங் கழிச்சுப் பேசிக்கலாமுங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். மருமகன் மாமனார் கையைப் பிடித்து உட்காரவைப்பது எங்களில் வழக்கமில்லை. இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

“இப்பவே ஆஸ்பத்திரி போலாமுங்க மாமா.”

“இத்தன வருசம் கேக்காமயே கேட்டாப்ல இருந்தீங்க. இன்னிக்கு ஒருநாளு கேட்டும் கேக்காதாப்ல இருங்க. உங்களுக்கு என்ன, பழக்கந்தானுங்களே?”

அப்படியானால் மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பெற்ற பிள்ளைகளிடம் சொன்னால் பதறுவார்கள். கிணற்றிடம் சொன்னால் ஊர் சிரிக்கும். மருமகனிடம் சொன்னால், பார்க்கிறவர்களுக்குப் பேச்சு, சொல்கிறவருக்குப் பத்திரம். நான் வாயைத் திறந்தால் அவருக்கு இருக்கும் அந்த ஒரே இடமும் போய்விடும் என்பது எனக்குப் புரிந்தது. திறக்காவிட்டால் அவரே போய்விடுவார் என்பதும் புரிந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினார். பேச்சு முடிந்தது.

எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். மிகவும் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். அவள் தன் குரலில் “அப்பாவுக்கு நெஞ்சு வலியா?” என்றாள். தோட்டத்தில் இருந்தவர்கள், தோட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள். மச்சினன் முட்டை வேனைக் கிளப்பினான். மாமனார் முன்சீட்டில் ஏறி, சேலம் வந்து சேரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். பின்னால் காலி முட்டை அட்டைகளுக்கு நடுவில் நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை என் மண்டைக்குள் படபடத்தன.

ஆஸ்பத்திரியில் முகக்கவசம் போட்ட டாக்டர் கேட்டார்: “எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” மாமனார் கூரையைப் பார்த்தார். மச்சினன் என்னைப் பார்த்தான். “மச்சான்கிட்டத்தான் அப்பா எல்லாத்தையும் சொல்லுவாருங்க டாக்டர். அவரைக் கேளுங்க.”

டாக்டர், செவிலியர், மனைவி, மச்சினன் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “இன்னிக்குச் சொன்னது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும்” என்றேன். பிறகு மனைவியின் முகத்தில் அத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளும் வரிசையாக வந்து போயின. அந்த இக்கட்டிலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப ‘பெரியவங்க மனசு’ன்னீங்களே மச்சான், அது?” என்றான். அந்தச் சமயம் பார்த்து ஸ்ட்ரெச்சர் வந்து என்னைக் காப்பாற்றியது.

இருதயக் குழாயில் பெரிய அடைப்பு. இன்னும் சில நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். ஆனால் என்னோடு பேசவில்லை. போய்ப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டார். டீக்குரிய இரண்டு விரலைக்கூடச் செவிலியரிடம் காட்டினாரே தவிர என்னிடம் காட்டவில்லை. அவர் குரலை ஒரே ஒருநாள் கேட்டுவிட்டு இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கருவி இருந்தது. அதில் கேட்க விரும்பிய சத்தம்தான் இல்லை.

மூன்று வாரத் தவணை முடிந்ததும் சேலம் போனேன். “எப்படி சார் இருந்துச்சு? எங்கெல்லாம் போட்டுப் பாத்தீங்க?” என்றார் அம்மணி. நூலகம், பஸ், செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி என்று வரிசையாகச் சொன்னேன். மோட்டார் ரூமைச் சொல்லவில்லை. “வெச்சுக்கறீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். பேசுவாரோ மாட்டாரோ, பேசினால் கேட்க வேண்டுமே.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனோம். எங்களுக்கு வறுவல். மாமனாருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஓட்ஸ் கஞ்சி. அதை எடுத்துக்கொண்டு அவர் மோட்டார் ரூம் நிழலுக்குப் போனார். கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்பிக் குடுத்துட்டீங்களா, வாங்கிட்டீங்களா?”

“வாங்கிட்டேனுங்க மாமா.”

“ம்.” கஞ்சியைக் கலக்கினார். “அப்ப, முந்தி நாஞ் சொன்னது ஒண்ணுகூடக் கேக்கலீங்களா?”

“கேக்கலீங்க மாமா.”

“நெஞ்சு வலி இப்பத்தாம் வந்துச்சு. அதுக்கு முந்தியெல்லாம் பாதிக்குப் பாதி உங்களத்தானுங்க வஞ்சுட்டு இருந்தேன்.”

தெரிந்த சொல்லைத்தான் சொன்னேன். “சரிங்க மாமா.”

“என்ன சரிங்க? அத்தனையும் வீணாப் போச்சே.” கிண்ணத்தைக் கீழே வைத்தார். கிணற்றுப் பக்கம் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். “போச்சாது, போனது போவட்டும், மொதல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கு ஒரு பச்ச சட்ட போட்டுட்டு வந்தீங்க பாருங்க...”

கஞ்சி ஆறிப்போகும்வரை வைதார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.