மாத்திரையை விழுங்கவில்லை என்றார்கள்

சுனாமிக்குப் பிறகு திருவேட்டக்குடியில் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதில் எனக்கு வலிப்பு வந்திருந்தது. காரைக்காலில் ஒரு டாக்டர் காலைக்கும் இரவுக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதன்பிறகு இரண்டரை வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. நானும் ஒரு வேளை தவறவிட்டதில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழுந்து, நனைந்த பாவாடையோடு எழுந்தவளுக்கு மாத்திரையை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் மதிப்பெண் குறைந்தது. அம்மா காரைக்காலில் மீன் விற்றுவிட்டு, எனக்கு எப்போதும் மாத்திரை வாங்கும் மருந்துக்கடைக்குப் போனாள்.

"படிக்கிறது மனசுல நிக்க மாட்டேங்குதாம் தம்பி. ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் ஒரு ஞாபகசக்தி டானிக்கை எடுத்து வைத்தாராம். "மூலிகைதாங்க அக்கா. ஒண்ணும் பண்ணாது. தைரியமா கொடுங்க."

வலிப்பு மாத்திரை அட்டையையும் டானிக் பாட்டிலையும் ஒரே கவரில் போட்டுக்கொடுத்தார். யாருக்கு எதற்கு அந்த மாத்திரை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

காலையும் இரவும் இரண்டு ஸ்பூன் குடித்தேன். மூன்று வாரம் போயிருக்கும், பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டின்போது விழுந்தேன். கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம்.

டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "ஒழுங்கா மாத்திரை போட்டா ஏன் வருது? போட்டிருக்க மாட்டா."

"போட்டேன் சார்" என்றேன்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மருந்து எவ்வளவு இருக்கவேண்டுமோ அதில் பாதிகூட என் ரத்தத்தில் இல்லை என்று முடிவு வந்தது. "பாத்தீங்களா? ரத்தம் பொய் சொல்லாதும்மா" என்றார்.

அதோடு நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். அப்பா கடலிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டு, ஒன்றும் விசாரிக்காமல் கன்னத்தில் அறைந்தார். "மருந்தையே ஒழுங்கா சாப்பிடாதவ என்னத்தப் படிக்கப்போறா" என்று ஆசிரியை ஒருவர் வகுப்பிலேயே சொன்னார். அம்மாவோ, மீன் விற்கப் போகும் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு என் எதிரில் உட்கார ஆரம்பித்தாள். மாத்திரையை அவளே வாயில் போடுவாள், தண்ணீர் கொடுப்பாள்.

"ஆ காட்டு. நாக்கத் தூக்குடி."

தூக்குவேன். அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். அது முடிந்ததும் அதே கையால் இரண்டு ஸ்பூன் டானிக்கையும் ஊற்றிக்கொடுப்பாள்.

இவ்வளவு காவலுக்கும் பிறகு, பத்தே நாளில் அடுப்பங்கரையில் மறுபடி விழுந்தேன். அம்மா கண் முன்னாலேயே.

இந்த முறை டாக்டர் பழைய பாட்டைத் தொடங்கியதும் அம்மா மறித்தாள். "என் கையாலதாங்க போட்டேன். நாக்குக்கு அடியிலகூடப் பாத்தேன். எம்பொண்ணு பொய் சொல்லலீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற ஏதாவது கொடுக்கிறீங்களா?"

அம்மா டானிக்கைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினோம். பின்பக்கத்தைப் படித்தவர், சங்கபுஷ்பி என்ற மூலிகையின் பெயரில் விரலை வைத்தார். "இது அந்த மாத்திரையோட அளவ ரத்தத்துல குறைச்சிரும். புஸ்தகத்துலயே இருக்கு. யாரைக் கேட்டு இதெல்லாம் கொடுக்கிறீங்க? உங்கள மாதிரி படிக்காதவங்களால..."

"நீங்க கேட்டீங்களாய்யா?" என்றாள் அம்மா. "போன தடவ வந்தப்ப ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அவர் பேனாவை எடுத்தார். டானிக்கை நிறுத்தச் சொல்லி, மறுபடி ரத்தம் பார்க்கச் சீட்டு எழுதினார். புத்தகத்திலேயே இருந்த விஷயத்துக்காக நான் பத்து நாள் வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் அம்மா மருந்துக்கடையில் பாட்டிலை வைத்தாள். "மூலிகைதானேக்கா, எத்தனையோ பிள்ளைங்க குடிக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் வலிப்பு மாத்திரையும் நீதான் கொடுக்கிறியா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருந்தது. வலிப்பும் வரவில்லை. தேர்வு எல்லாவற்றையும் எழுதினேன், தேறினேன். நான் ஆசைப்பட்ட நர்ஸிங் படிப்புக்கு மட்டும் மதிப்பெண் எட்டவில்லை. டாக்டர், ஆசிரியை, அப்பா, யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒரு நாள் தலை பின்னிவிடும்போது சொன்னாள்: "நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்டி."

அவள் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. மற்றவர்கள் மேல் இருப்பது இன்னும் போகவில்லை.