எல்லப்பன் வாங்கிய கையெழுத்து

எல்லப்பனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகேறினால் குடலே வெளியே வந்துவிடும். அதைச் சொல்லிச் சிரித்தவர்களோடு தானும் சிரித்துவிட்டு, கூரியர் வேலையில் சேர்ந்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பங்களில் அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் எழுந்து வரும். அடுத்தவர் கையெழுத்தை ஒருநாளும் தான் போட்டதில்லை என்பதில் அவனுக்குத் தனி மிடுக்கு.

2008இல் கம்பெனி காகிதத்தை நிறுத்திவிட்டுக் கையடக்க மெஷின் கொடுத்தது. அதன் கண்ணாடியில் குச்சியால் கையெழுத்துப் போட்டால்தான் கவரைக் கொடுக்கலாம்.

மெஷின் வந்த புதிதில் ஒருநாள், மீன் விற்கும் ஆதியம்மாள் பெயருக்கு வந்தது, விசா குத்திய அவள் மகனின் பாஸ்போர்ட். அவன் சென்னையில் காத்திருந்தான், ராத்திரி விமானம். அடுத்த பஸ்ஸில் அவள் கொண்டுபோயாக வேண்டும்.

கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு, பத்திர ஆபீசில் உருட்டுவதுபோலக் கண்ணாடியில் உருட்டினாள். ஒரு புள்ளிதான் விழுந்தது. மெஷின் ஏற்கவில்லை. எதையாவது கிறுக்கச் சொன்னான் எல்லப்பன். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கண்டதக் கிறுக்கிட்டு, நாளிக்கு அது என்னுதுன்னு எப்டிடா சொல்றது? நீயே போட்டுக்கோ."

"அது மட்டும் என்னாண்ட நடக்காது அத்தே."

"அப்ப எம்புள்ள ஏரோப்ளேனுக்குக் கைகாட்டிகினு நிக்கட்டும்."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. எல்லப்பனின் கண் அவள் கூடைமேல் விழுந்தது. மீன் ஏலத்தில் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு மீன்காரியும் கூடையில் தாரால் ஓர் அடையாளம் போட்டிருப்பாள். ஆதியம்மாளுடையது நங்கூரம், தலையில் ஒரு சுழி.

"இத்தப் போடு."

ஒரே இழுப்பில் போட்டாள். மெஷின் பேசாமல் வாங்கிக்கொண்டது. கூடையை அவன் காலடியில் போட்டுவிட்டுக் கவரோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாலையில் செங்கல்பட்டு ஆபீசிலிருந்து மேனேஜர் கிரிதர் போன் செய்தார். கையெழுத்துக் கேட்டால் படம் வந்திருக்கிறதே, பாஸ்போர்ட் கைமாறிப் போயிருந்தால் உன் வேலை போய்விடும் என்றார்.

"நாளிக்கு நீங்களே வந்து போடச் சொல்லிப் பாருங்க சார். ஒரு கோடு மாறினாலும் வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

கிரிதர் வந்தார். ஏலக் கூச்சலுக்கு நடுவில், மகன் விமானம் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டே ஆதியம்மாள் போட்டுக் காட்டினாள். அதே நங்கூரம், அதே சுழி. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார்.

அதன்பிறகு எல்லப்பனின் மெஷினில் நண்டும் நட்சத்திரமும் துடுப்புமாக ஏறின. கைநாட்டுக்காரி யாராவது தயங்கினால் அவன் குச்சியை நீட்டிக் கேட்பான்:

"கூடையில இன்னா போட்டுகினு கீற?"