நடுவில் நின்ற முள்

ரேடியேட்டர் வேலை பார்ப்பவனிடம் எந்த வண்டியும் அமைதியாக வந்ததில்லை. வண்டி கொதித்துக்கொண்டு வரும், பின்னாலேயே ஆளும் கொதித்துக்கொண்டு வருவார். உங்களில் யாராவது ஒர்க்‌ஷாப் வைத்திருந்தால், செல்வத்தின் வேன் கதையைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஓடினால் ஆறும்

செல்வம் ஆம்பூர் பக்கத்து கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவன். எட்டு மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை வழியில் வண்டி கொதித்து நின்றது. இன்னொரு தடவை லேட்டானால் வேறு வேன் வைத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இருப்பது அந்த ஒரு டிரிப்தான்.

பார்த்தால் ஃபேன் சுற்றவில்லை. மோட்டாரில் குறையில்லை, தண்ணீர் சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச் போய்விட்டிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றும்போது ஃபேன்தான் காற்று கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அவன் முகம் தெளிந்தது.

"நின்னாதானே கொதிக்குது? நான் நிக்காமலே ஓட்டிக்கிறேன் மேஸ்திரி. பொம்பளைங்க ஓடியாந்து ஏறிக்கட்டும்."

கதவில்லாத வீடு

சுவிட்சை மாற்றினேன். சந்தேகத்தில் தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அது ஒரு சின்னக் கதவு மாதிரி. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரும்வரை மூடியிருக்கும். வந்ததும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். கோடையில் யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பாதி வண்டிகளுக்கு இதே கதிதான். அது இல்லாவிட்டால் ஓடும் எஞ்சினுக்குச் சூடு பத்தாது, டீசலை ஜாஸ்தி குடிக்கும், உள்ளே தேய்மானமும் ஜாஸ்தி. இதை நான் சொல்லச் சொல்ல, செல்வம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"வேலூர் வெயில்ல வெளிய மனுஷன் வேகுறான். இதுல உள்ள வேற சூடு பத்தலைன்றியா? இன்னா மேஸ்திரி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

டீக்கடையில் ஒரு சோதனை

புது தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் சோதிக்காமல் மாட்ட மாட்டேன். வெந்நீரில் போட்டால் அது வாய் திறக்க வேண்டும். எதிர் டீக்கடையில் ஒரு பழைய பாத்திரம் வாங்கி, அவர்கள் அடுப்பிலேயே தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது திறக்கவில்லை. அதை மாட்டியிருந்தால் கேட் என்ன, முதல் ஸ்டாப்பையே வேன் தாண்டியிருக்காது. அதை விற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ச் சண்டை போட்டு வேறொன்று வாங்கிவந்து மறுபடி போட்டேன். அது நிதானமாகத் திறந்தது. டீ குடிக்க வந்தவர்களெல்லாம் கிளாஸோடு சுற்றி நின்று பார்த்தார்கள். டீ மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"மொதல்ல போட்டது வேகல, இது வெந்துடுச்சி. எறக்கிக்கினு போ மேஸ்திரி, பால் வைக்கணும்."

முள் ஏறிய காலை

மறுநாள் காலை ஏழேகாலுக்கு செல்வத்திடமிருந்து போன். வேன் பாதி வழியில் நிற்கிறது, பெண்களெல்லாம் இறங்கிவிட்டார்கள், உடனே வா என்றான். மொபெட்டில் பறந்தேன். கொதிக்கவில்லை, ஆவியில்லை. முன்சீட்டில் உட்காரும் சரோஜா என்ற அம்மாள்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இத்தனை நாளும் ஓடும்போது சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே கிடக்கும். அது எழுந்தால் கொதிக்கப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று அது எழுந்து நடுவில் நின்றுவிட்டது. அதுதான் அது நிற்க வேண்டிய இடம் என்று சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. மணி ஏழரை.

எனக்குப் பெண்களோடு நின்று பேசியே பழக்கமில்லை. வேறு வழி தெரியாமல், மொபெட்டைப் பெட்டிக்கடை ஓரம் விட்டுவிட்டு நானே வேனில் ஏறி உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக ஏறினார்கள். கம்பெனி வரைக்கும் வேன் மொத்தமும் முள்ளைத்தான் பார்த்தது. செல்வமும் பார்த்தான், "ரோட்டைப் பாருப்பா" என்று கத்த வேண்டியிருந்தது. கடைசி ஸ்டாப்பில் நின்றபோது முள் கொஞ்சம் ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது, முள் மெல்ல இறங்கி நடுவுக்கே வந்தது. வாட்ச்மேன் கேட்டில் கை வைத்த நேரத்தில் உள்ளே நுழைந்தோம். செல்வம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சரோஜா இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது. ஆனா நாளைக்கும் நீ வந்து குந்து மேஸ்திரி, நீ இல்லன்னா நாங்க ஏற மாட்டோம்."

சுவிட்ச் ஒன்று, தெர்மோஸ்டாட் ஒன்று என்று இரண்டே பாகங்கள்தான் அந்த வேனுக்குப் போட்டேன். அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில் மூன்றாவது பாகமாகப் போய்வந்தது நான்தான்.