விசிறிக்கு உப்பு ஒத்தடம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் காலையில் கெட்டுப்போகும், மதியம் தானாகச் சரியாகிவிடும். இப்படி ஒரு வியாதியை நான் மனிதர்களிடம்கூடக் கண்டதில்லை. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளைகளை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகித் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்திருந்தேன். டிப்ளமோ படித்து, கோயமுத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். தோப்பிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருவது நடக்காத காரியம் என்று தெரிந்ததும், வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். அவர் சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லாமல் இருந்தார்?

காந்திபுரத்தில் ஒருவர் உதிரி உதிரியாகச் சாமான் வாங்கிக் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுப்பார். முப்பரிமாணப் படம் திரையில் சுழல வேண்டுமென்றால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், அது அடுப்பு மாதிரி கொதிக்கும் என்றார். கார்டில் சூட்டை இறக்க அலுமினிய வரிகள் மட்டும்தான் இருந்தன, விசிறி இல்லை. அவர் விடவில்லை. கேபினெட்டின் பக்கத்துத் தகட்டை ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் வட்டமாக வெட்டி, கார்டுக்கு நேராக வெளிக்காற்று அடிக்கும்படி ஒரு விசிறியைத் திருகிவிட்டார். கோயமுத்தூரில் எந்தப் பிரச்சினைக்கும் கடைசியில் ஒரு லேத் பட்டறை வந்துவிடும்.

அந்த விசிறி ஐப்பசியில் கத்த ஆரம்பித்தது. கீச்சுக் கீச்சென்று, கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி. பக்கத்து அறையில்தான் அத்தை படுப்பார். என் மாமியாருக்கு முழங்கால் வலி, தூக்கமே அரைகுறை.

"இந்தச் சனியன வித்துப்போடுங்க. கண்ண மூட உடுதா?" என்று மாமாவிடம் சொன்னார். நான் அடுக்களையில்தான் நின்றிருந்தேன், நான் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

என் மாமனார் அதிகம் பேசாதவர். காங்கேயத்தில் அவர் அண்ணன் நடத்தும் எண்ணெய் மில்லில் அவருக்கும் பங்கு உண்டு. மெஷின்களோடு பேசிப் பேசி மனிதர்களிடம் பேச மறந்துவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு மாமா சொன்னது ஒரே வரி. "தை வரைக்கும் பாக்கலாம்."

எனக்குக் கோபம் முன்னால் வரும், யோசனை நிதானமாகப் பின்னால் வரும். தை வரைக்கும் என்றால் என்ன அர்த்தம்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பானையோடு இதையும் தூக்கி வெளியே போடுவார்களா? நான் படித்தது, வரைந்தது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. அது போனால் நானும் காலம் முழுக்கத் தேங்காய் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்றிலிருந்து மாமாவுக்குக் காபியை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தேன்.

பிறகு ஒருநாள் கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தூசியைத் துணியால் துடைத்திருந்தேன், அதனால்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததும் புதுக் கூத்து தொடங்கியது. காலையில் போட்டால் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் விழும், படம் அப்படியே உறைந்து நிற்கும். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோலம் நல்லாத்தான் இருக்குது" என்பார். மதியம் போட்டால் சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வோல்டேஜ் என்றார். அத்தை திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினார். காந்திபுரத்துக்காரர் போனில் டிரைவர் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார், எர்த் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். கடைசியில் அவரே பஸ் பிடித்து வந்தார். வந்து சேரும்போது உச்சி வெயில். கம்ப்யூட்டர் தங்கம் போல ஓடியது. விசிறியும் சுற்றியது. சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்களே" என்று கிளம்பிவிட்டார். அப்படியானால் கரண்டில்தான் கோளாறு என்று நான் சொன்னதும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அத்தை அரிசியிடம் சொல்லிக்கொண்டு புடைத்தார்.

கோடு விழுவது சூட்டினால்தான் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதனால் மேசையை நகர்த்தி, விசிறி இருக்கும் பக்கத்தை ஜன்னல் கம்பியை ஒட்டி வைத்தேன். மலைக்காற்று ஜில்லென்று நேராகக் கார்டின்மேல் அடிக்கட்டும் என்று திட்டம். விடிந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். குளிர் கூடக் கூட இது சூடாகிறது! படித்த படிப்பையெல்லாம் நொய்யலில் கரைத்துவிடலாம் போலிருந்தது.

அந்த வாரம்தான் எனக்கு முதல் பெரிய வேலை வருவதாக இருந்தது. பம்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றின் முதலாளி, மர அச்சு செய்வதற்கு முன்னால் பம்பின் கூட்டைத் திரையில் சுழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவர் பட்டறைப் படமெல்லாம் எனக்குத்தான். மதியம் வரச் சொல்லிக் கெஞ்சினேன். "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு ராகு காலமுங்க. அதுக்குள்ள பேசி முடிச்சறலாம், வெள்ளனே வாரேன்" என்றுவிட்டார். நல்ல நேரம் பார்க்கிற மனிதரிடம் என் கம்ப்யூட்டரின் கெட்ட நேரத்தை எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை விடிந்ததும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம். கோடு. உறைந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வர, வாசலுக்கு வந்தேன். மாமா எண்ணெய்க் குளியலுக்காக இடுப்பில் துண்டோடு இளவெயிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"இன்னும் எளகல கண்ணு. வெயில் ஏறட்டும்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

காலையில் உறைகிறது, மதியம் இளகுகிறது. அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று வீட்டைச் சுற்றி ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, விசிறி மட்டும் அசையாமல் நின்றது. அதன் நடுவிலிருந்த ஒட்டுத்தாள் உரிந்திருந்தது, அதற்கடியில் அச்சு சுழலும் குழியில் கிண்ணத்தில் பார்த்த அதே வெள்ளை. ஜன்னல் திட்டில் எண்ணெய் தோய்ந்த ஒரு கோழி இறகு.

"இதுக்கு யாருங்க மாமா தேங்கா எண்ணெ உட்டது?" என் குரல் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமா துண்டோடு எழுந்து வந்தார். "நாந்தான் கண்ணு."

"எண்ணெ மில்லு வச்சிருக்கறீங்க, மார்கழில ஒறையும்னு தெரியாதுங்களா?"

"நீதானே சொன்னே, உள்ளே அடுப்பாட்டக் கொதிக்குதுன்னு. கொதிக்கற எடத்துல எண்ணெ எப்படி ஒறையும்னு நெனச்சேன்."

கொதிப்பது கார்டு. விசிறி நிற்பது குளிர்காற்றின் வாசலில். அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

அதற்குள் அத்தை வந்துவிட்டார், முழங்காலுக்கு வைத்துக்கொண்டிருந்த உப்பு ஒத்தடத்தோடு. நடந்ததைக் கேட்டார். சூடான உப்பு மூட்டையைக் கம்பி வழியாக நீட்டி விசிறியின் நடுவில் வைத்து அழுத்தினார். நான் உள்ளே ஓடி ஸ்விட்சை அணைத்தேன். இந்த நேரத்தில்தான் பவுண்டரிக்காரரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜன்னலில் கை நுழைத்து நிற்கிற அத்தையையும், துண்டு கட்டியபடி மேற்பார்வை பார்க்கிற மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டருக்கும் முழங்கால் வலிங்களா?"

"குளுருங்க" என்றார் அத்தை. "உள்ளே வாங்க, காப்பி குடிங்க."

காபி முடிவதற்குள் மறுபடி ஸ்விட்சைப் போட்டேன், விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. பம்பின் கூடு திரையில் எல்லாப் பக்கமும் திரும்பியது. அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது, திருப்பச் சொன்ன பக்கம் திரும்பியது. ஒரு கோடு விழவில்லை. "திங்கக்கெழம மத்த படத்தையும் குடுத்துடறேனுங்க" என்று சொல்லிவிட்டு ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பினார்.

சந்தோஷத்தில் கோபம் போயிருக்க வேண்டும். எனக்குப் போகவில்லை. நேராக வாசலுக்குப் போனேன். அத்தை காபி டம்ளர்களோடு உள்ளே போயிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க மாமா? மார்கழி பூரா பைத்தியம் புடிச்சாப்ல அலைஞ்சேன். தைக்குள்ள விக்கோணும்னு நீங்கதானே..."

மாமா உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் கேட்டா உங்கத்தை தூங்க மாட்டேங்கறா. அன்னிக்கே விக்கோணும்னு நின்னா. தை வரைக்கும் பாக்கலாம்னு நாந்தான் நிறுத்தி வச்சேன். அதுக்குள்ள சத்தத்த நிறுத்திப்போட்டா அவளும் உட்ருவான்னு, தெனமும் ராத்திரி எல்லாரும் படுத்ததுக்கப்பறம் ரெண்டு சொட்டு உட்டேன். நீ ஜன்னலோரம் நகத்துனது எனக்குத் தோதாப் போச்சு."

தைக்குள் விற்பதற்காக நாள் குறித்தார் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்காக நாள் வாங்கி வைத்திருக்கிறார். அத்தனை காபியையும் சத்தமாக வைத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

"அழுவாத கண்ணு. தையல் மெசின் எண்ணெ வாங்கியாரச் சொல்லு, அது ஒறையாது" என்று சொல்லிவிட்டு, அவர் கிண்ணத்தை எடுத்துத் தலைக்குத் தேய்க்க ஆரம்பித்தார்.