மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

வண்ணாரப்பேட்டைக் கடையில் கொடுத்திருந்த லேப்டாப், புது விண்டோஸோடு இன்று திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தது.

எல்லாம் வழவழவென்று இருக்கிறது. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது. என் கை இன்னும் இடது ஓரத்துக்கே போகிறது.

கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அழுத்தினால், ‘காற்று மிக மோசம். வெளியே செல்வதைத் தவிர்க்கவும்’ என்று வந்தது.

எண்ணூரில் ஷிப்ட் முடித்து, இருமிக்கொண்டே உள்ளே வந்த கணவரிடம் காட்டினேன்.

“இன்னாமே, இத்த மிஷின் வந்து சொல்லணுமா? நம்ம மூக்கு இன்னாத்துக்கு கீது? பேஜாரா கீது, ஆஃப் பண்ணு.”

செட்டிங்ஸில் தேடி அணைத்தேன். புது விண்டோஸில் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை அதுதான்.

பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் டீ குடித்தோம்.

வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கத்து ஆட்களே, உங்கள் மூலையில் என்ன நிறம்? இல்லை, நீங்களும் அணைத்துவிட்டீர்களா?