உப்புத்தண்ணிப் பற்றரி

எங்கள் கந்தோரில் இருந்த கொம்பியூட்டர் ஒவ்வொரு நாள் காலையிலும் தனக்குள் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிடும். ஜெனரேற்றரைப் போட்டு ஆளியை அமத்தினால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்து நிற்கும். அதன் உள்ளே சுழலும் தட்டு எவ்வளவு பெரியது, அதில் எத்தனை வட்டம், எத்தனை தலை, எத்தனை துண்டு என்று யாராவது மூன்று இலக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னால் மற்ற எல்லாம் தானாக நடக்கும். சொல்லாவிட்டால் அது அசையாது. அந்த இலக்கங்கள் தெரிந்தவன் மல்லாவியில் நான் ஒருவன்தான்.

872, 8, 35. இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மலைநாட்டில் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் சித்தப்பாமாரும் காடு வெட்டி நிலம் செய்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது. செங்கல் சூளை, அரிசி ஆலை, லொறி கிளீனர், வவுனியாவில் தேத்தண்ணிக் கடை என்று சுற்றிவிட்டு, கிளிநொச்சியில் ஒரு நிவாரணக் கந்தோரில் ஜெனரேற்றர் போடுகிறவனாகச் சேர்ந்தேன். கொம்பியூட்டரைப் பார்க்க ஒருமுறை கொழும்பிலிருந்து பாஸ் எடுத்துக்கொண்டு ஒரு ரெக்னீசியன் வந்தார். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றது நான். உள்ளே ஒரு சின்னப் பற்றரி செத்துவிட்டது, அது இருந்தால்தான் இந்த இலக்கங்கள் பெட்டிக்கு நினைவிருக்கும், ஆனால் ஆமிச் சாவடியில் எந்தப் பற்றரியையும் விடமாட்டார்கள், ஆகவே தினமும் கையால் அடியுங்கள் என்றார். அடித்தும் காட்டினார். இலக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

சண்டை வந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கொம்பியூட்டரை நெல் சாக்கில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் மழை. மல்லாவியில் இறக்கியபோது பெட்டி வேலை செய்தது. தாள்தான் கூழாகிப் போயிருந்தது. இலக்கங்கள் என் தலையில் இருந்தன.

கந்தோரை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவோம். அவர் என்னிடம் அந்த இலக்கங்களைத் திரும்ப ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். எழுதுறேங்க ரீச்சர் என்றேன். இரண்டு வருடம் அதையே சொன்னேன்.

ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும்தான் மண்ணெண்ணெய் இருந்தது. அந்த நேரத்துக்குள் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலை ரைப் அடித்து அச்செடுத்து முடிக்க வேண்டும். ஜெனரேற்றர் இரையத் தொடங்கியதும் ரீச்சர், ரைப் அடிக்கிற பிள்ளை, சில நாட்களில் கிராம சேவையாளர்கூட, எல்லோரும் நான் வந்து அந்தக் கதிரையில் உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அவசரப்படமாட்டேன். கைலேஞ்சியால் திரையைத் துடைப்பேன். பிறகு இலக்கங்களை அடிப்பேன். பெட்டி திகதி கேட்கிற இடத்துக்கு வந்ததும் எழும்பிவிடுவேன். திகதி அடிப்பதும், வின் என்று மூன்று ஆங்கில எழுத்து அடித்து வண்ணப் பெட்டிகள் வரும் திரைக்குப் போவதும் பிள்ளையின் வேலை.

கொம்பியூட்டர்காரன் ஜெனரேற்றர் இழுத்துக்கொண்டு நிற்பது சரியில்லை என்று நானே ரீச்சரிடம் சொன்னேன். அதனால்தான் அவன் வந்தான்.

அவன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவன், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரன், என் வயதுதான். நேவி கடலுக்குப் போக விடாததால் வலையும் இல்லை, வேலையும் இல்லை. வள்ளங்களின் எஞ்சின் திருத்தத் தெரியும் என்றான். நான் பத்துத் தரம் கயிறு இழுத்துக் கிளப்புகிற ஜெனரேற்றரை அவன் ஒரே இழுவையில் கிளப்பினான். மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தான். எஞ்சினுக்குள் மூன்று சொட்டு விட்டு, மூக்கைச் சுளித்து மணந்து பார்த்து, இழுப்பான். முதல் நாளே எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனையாம் வகுப்புவரை படித்தவன் என்று விசாரித்தேன். ஐந்து என்றார்கள். அன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் இலக்கம் அடிக்கும்போது முதுகை வளைத்து விசைப்பலகையை மறைப்பது வழக்கம். ஒரு நாள் அவன் வாசலில் நின்று ரைப் அடிக்கிற பிள்ளையிடம் சொன்னான்:

"அண்ணை சோதினை எழுதுறார் தங்கச்சி. நாங்கள் பாத்து எழுதிப்போடுவம் எண்டு பயம்."

பிள்ளை சிரித்தாள். ரீச்சரும் சிரித்ததை நான் கண்டேன்.

இது ஏன் ஒவ்வொரு நாளும் மறக்கிறது என்று அவன் என்னிடம் கேட்டான். பழசு, அப்படித்தான் என்றேன். பற்றரியைப் பற்றி ரெக்னீசியன் சொன்னதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த வருடம் எனக்கு இரண்டாம் தரமும் மலேரியா வந்தது. நாலு நாள் கொட்டிலில் கிடந்தேன். இரண்டாம் நாள் ரைப் அடிக்கிற பிள்ளை சைக்கிளில் வந்து, ரீச்சர் இலக்கங்களைக் கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னாள். காய்ச்சல் உண்மை. ஆனால் இலக்கம் மறந்துபோகிற அளவு காய்ச்சல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முனகினேன். பிள்ளை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். நானில்லாமல் பெட்டி கிடக்கிறது என்று நினைக்க, குளிசையைவிட அது எனக்குச் சுகமாக இருந்தது.

ஐந்தாம் நாள் போனபோது பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. சும்மா கிடக்குதே என்று அவன் ரீச்சரிடம் கேட்டுத் திறந்தானாம். உள்ளே ஒரு மூலையில் நீலநிறமாகச் சின்னப் பீப்பா மாதிரி ஒன்று. அதன் காலடியெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றில் எஞ்சின் வயர்களுக்கும் இப்படித்தான் வரும், இது பற்றரி, செத்துப்போச்சு என்று அவன் ரீச்சருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். எனக்குக் கொழும்பு ரெக்னீசியன் சொன்னதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்தே கண்டுபிடித்திருந்தான்.

பழைய ரோச் பற்றரியை எறிகிற ஆள் அந்த நாளில் வன்னியில் இல்லை. ஆணியால் தலையில் துளை போட்டு, உப்புத்தண்ணி விட்டு, மெழுகால் அடைத்து, வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்சக் காலம் உயிர் பிடிக்கும். அவன் அப்படி மூன்றைச் செய்து சைக்கிள் ரியூப் துண்டுக்குள் வரிசையாக இறுக்கினான். சிரட்டைக் கரியில் கம்பியைக் காய்ச்சி, நீலப் பீப்பா இருந்த இடத்தில் இரண்டு வயர்களை ஈயத்தால் ஒட்டினான். பெட்டியின் மின்சாரம் திரும்பி வந்து பற்றரியை வீங்கவைக்காமலிருக்க, பழுதான றேடியோவிலிருந்து ஒரு சின்ன உறுப்பைக் கழற்றி நடுவில் வைத்தான். கடைசியாகப் பற்றரி வரிசையின் இரண்டு நுனிகளையும் நாக்கில் வைத்துப் பார்த்து, உறைக்குது என்று சொல்லி, அதை மேசைக்கடியில் வைத்து வயர்களோடு பூட்டினான்.

அன்று இலக்கங்களை நான் அடித்தேன். அடுத்த நாள் பெட்டி இலக்கம் எதுவும் கேட்கவில்லை. தானாக எழும்பியது. திகதிகூடச் சரியாக இருந்தது. ரீச்சர் தன் தேத்தண்ணிக்கு வைத்திருந்த பனங்கட்டித் துண்டை அவனுக்குக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் எனக்கு அங்கே கிடைத்தது வெறுந்தேத்தண்ணிதான். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதைப் பல்லால் கடித்துப் பாதியை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன்.

படித்த ஒருவன் வந்து என் இடத்தைப் பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அதற்கு நான் பழகியவன். என்னைவிட இரண்டு வகுப்புக் குறைவாகப் படித்தவன், ஆங்கில எழுத்தே தெரியாதவன், உப்பையும் தண்ணியையும் வைத்துக்கொண்டு என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் வெளியே ஜெனரேற்றரோடு நின்ற நேரம் நான் ஆளியை அமத்தி, ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு, பழைய இலக்கத் திரைக்குப் போனேன். எட்டை ஒன்பதாக்கினேன். பெட்டி தட்டைத் தேடிக் காணாமல், இயங்குவதற்கு எதுவும் இல்லை என்ற வரியோடு நின்றது. ரீச்சரைக் கூப்பிட்டு, மறுபடி மறந்துருச்சுங்க என்றேன். எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். நான் உட்கார்ந்து கைலேஞ்சியை எடுத்தேன்.

அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும் செய்தேன். அவன் ஒவ்வொரு தரமும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பற்றரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினான்.

நான் இதைத் தொடங்கிய நாலாம் நாள் ரீச்சரும் பிள்ளையும் சங்கக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் எட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திரையின் மேல் மூலையை விரலால் தொட்டான்.

"அண்ணை, இது மணிதானே?"

நான் பார்த்தேன். இரண்டு வருடமாக அந்தத் திரையில் நான் பார்த்தது இலக்கம் இருக்கிற ஒரு வரியை மட்டும்தான். மேலே திகதியும் மணியும் இருந்தன. நொடி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தன் கைமணிக்கூட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"என்ரை மணிக்கூட்டுக்கும் இதுக்கும் ரெண்டு நிமிசந்தான் வித்தியாசம். மணியை மறக்காத பெட்டி உங்கட இலக்கத்தை மட்டும் மறக்குமே?"

ரீச்சரிடம் சொல்லப்போகிறான், இன்றோடு இந்த இடம் முடிந்தது என்று நினைத்தேன். போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு கிடந்த இடம் என்று எனக்கு வேறு எதுவும் இருந்ததில்லை.

அவன் மேசைக்கடியில் குந்தினான்.

"கடலுக்குப் போக விட்டாங்கள் எண்டா நான் அடுத்த நாளே போயிடுவன். இந்தப் பெட்டியை வைச்சு நான் என்ன செய்ய? உங்களுக்கு வேணுமெண்டா சொல்லுங்கோ, வயரைக் கழட்டி விடுறன்."

இதற்கு ஒரு மானமுள்ளவன் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"கழட்டிரு" என்றேன்.

கழற்றினான். அடுத்த நாளிலிருந்து பெட்டி உண்மையாகவே மறந்தது. உன் பற்றரி இவ்வளவு நாள்தானா என்று ரீச்சர் கேட்டார். பழைய பற்றரிதானே ரீச்சர் என்றான். ரைப் அடிக்கிற பிள்ளை அவனுக்கு உப்புத்தண்ணி எஞ்சினியர் என்று பேர் வைத்தாள். அவனும் அந்தப் பேருக்கே ஓம், சொல்லுங்கோ என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். பட்டியல் எடுக்க வந்தவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள்.

நான் கதிரையில் உட்கார்ந்து இலக்கங்களை அடித்தேன். எல்லோரும் முன்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மட்டும் உள்ளே வரமாட்டான். என்னைக் கூச்சப்படுத்தக்கூடாது என்று ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த முதுகைப் பார்க்க எனக்கு முன்பைவிட எரிந்தது. முதலில் அவனுடைய கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, நாலு பேர் பகிடி பண்ண விட்டுவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சோறு தின்ன அவனால் முடிகிறதே என்பதுதான் என்னைத் தின்றது. அவன் போவதற்கு ஒரு கடல் இருந்தது. இங்கே தோற்றால் அவனுக்கு ஒன்றும் குறையாது. அவன் எனக்கு விட்டுத்தந்தது அவனுக்குத் தேவையில்லாத ஒன்று.

பதினேழு நாள் பொறுத்தேன். பதினெட்டாம் நாள், எல்லோரும் நிற்கும்போது, மேசைக்கடியில் குனிந்து வயர்களைப் பூட்டினேன். எந்த வயர் எங்கே என்று தெரியாமல் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது, அது இன்னொரு கேவலம். பிறகு ரீச்சரிடம், பற்றரி ஒருநாளும் பழுதாகவில்லை, இலக்கத்தை மாற்றியது நான், கழற்றச் சொன்னதும் நான்தான் என்றேன். மலேரியாவில் கிடந்தபோது இலக்கம் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நல்ல மனம் வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்குக் கடன்பட்டு ஒவ்வொரு காலையும் உட்கார என்னால் முடியவில்லை.

ரீச்சர் என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உனக்குத் தெரிஞ்சுதானே இருந்தது. நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவனைக் கேட்டார்.

அவன் தலையைச் சொறிந்தான்.

"அவர் அந்தக் கதிரையில அஞ்சு நிமிசந்தானே ரீச்சர் இருக்கிறவர்."

ரைப் அடிக்கிற பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரீச்சர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். நான் மூன்று இலக்கங்களையும் எழுதினேன். முப்பத்தைந்தின் மூன்றும் ஐந்தும் ஒன்றுபோல விழுந்தன. திரும்பவும் எழுதச் சொன்னார். எழுதினேன். என்னைப் போகச் சொல்லவில்லை, மூட்டை இறக்குகிற பக்கத்துக்கு ஆள் காணாது என்று மட்டும் சொன்னார். ஒரு கிழமை மூட்டை இறக்கினேன். ஜெனரேற்றர் ஒரே இழுவையில் கிளம்புகிற சத்தம் களஞ்சியம்வரை கேட்கும். எட்டாம் நாள் ஒட்டுசுட்டான் பக்கம் மரம் அரிகிற ஒரு மரக்காலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் நடந்தேன்.

பிறகு அவன் கடலுக்குத் திரும்பப் போனானா என்று எனக்குத் தெரியாது. மல்லாவியில் அந்த நாளில் இருந்த ஒருவரைச் சில வருடங்கள் கழித்து வவுனியாவில் சந்தித்தேன். கந்தோரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தவர், அங்கே ஒரு உப்புத்தண்ணி எஞ்சினியர் இருந்தான், நல்ல கெட்டிக்காரன், உங்களுக்கு ஞாபகமிருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன்.